திருடன் தரும் வாக்கு



ரான்சம்வேரின் கதையைப் பெரும்பாலும் கணினியின் வரலாறாகவே சொல்கிறோம். நான் அதை வாக்குறுதியின் வரலாறாகப் பார்க்கிறேன். பூட்டியவனே 'பணம் தந்தால் திறப்பேன்' என்கிறான். அதை நாம் நம்பினால்தான் அவனுக்குப் பிழைப்பு.

1989 டிசம்பரில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 ஃபிளாப்பி வட்டுகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. அதை நிறுவிய கணினியை ஏறக்குறைய 90 முறை இயக்கியதும் கோப்புகளின் பெயர்கள் உருமாறின. 189 டாலரைப் பனாமாவிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது திரை. பேரம் பேச மறுமுனையில் ஆள் இல்லை.

2020 ஜூனில் ஆள் இருந்தான். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவைத் தாக்கிய நெட்வாக்கர் குழு, 30 லட்சம் டாலர் கேட்டது. உரையாடல் பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. நேரம் முடிந்தால் தொகை இரட்டிப்பு. அந்தக் கடிகாரத்தின் வேலை நம்மை யோசிக்க விடாமல் செய்வது. பேரம் பேசுபவரின் முதல் வேலை யோசிக்க அவகாசம் வாங்குவது.

கொரோனாவால் நொடித்துப்போனோம் என்று சொல்லிப் பல்கலைக்கழகம் 7,80,000 டாலர் தர முன்வந்தது. எதிர்த்தரப்பு ஏளனம் செய்தது. கடைசியில் முடிந்தது 11,40,895 டாலரில். அந்த 895-ஐக் கவனியுங்கள். 11 லட்சம் என்று முழுத்தொகையாகச் சொன்னால், இன்னும் இருக்கும் என்று தோன்றும். சில்லறையோடு சொன்னால், பெட்டியின் அடியைச் சுரண்டி எடுத்ததுபோலத் தோன்றும். நம் சந்தைகளில் பேரம் பேசிய எவருக்கும் இது புரியும்.

அந்தப் பணம் இரண்டு வாக்குகளுக்காகக் கொடுக்கப்பட்டது. ஒன்று, பூட்டைத் திறக்கும் சாவி. மற்றது, திருடிய தரவைத் திருப்பித் தருவது. முதல் வாக்கைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கோப்பைத் திறந்துகாட்டச் சொன்னால் போதும். இரண்டாவதை எப்படிச் சோதிப்பது? பிரதி வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

2024 பிப்ரவரியில் அதற்கு விடை கிடைத்தது. பிரிட்டனின் தேசியக் குற்றத்தடுப்பு முகமையும் பல நாட்டுக் காவல்துறைகளும் லாக்பிட் குழுவின் கணினிகளைக் கைப்பற்றின. பணம் கட்டியவர்கள் சிலரின் தரவுகளும் அங்கே அழிக்கப்படாமல் இருந்தன.

நோயாளியின் ரகசியத்தைக் காக்கவேண்டிய நிலையில் இருப்பவரைப் பணம் கொடுத்ததற்காக நான் பழிக்கமாட்டேன். ஆனால் சாவிக்கு ஒரு விலை உண்டு. திருடனின் மௌனத்துக்கு எத்தனை கொடுத்தாலும் அது விற்கப்பட்டதாகாது.