நாஞ்சில் நாட்டில் அம்மை குத்தல்

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் ஆளுகையிலிருந்த காலம். 1813-இல் அம்மை குத்தல் அங்கு அறிமுகமானபோது மக்கள் அஞ்சினர். அரண்மனையினர் முதலில் குத்திக்கொண்டு வழிகாட்டினர். 1879-இல் அரசுப் பணியாளர், மாணவர், சிறைவாசிகளுக்கு அது கட்டாயமாயிற்று.

ஒருமுறை பெரியம்மை கண்டவரை அது மீண்டும் தீண்டாதது ஏன்? குருதி நொதித்து மிகைஈரத்தைக் கழித்துவிடுவதால் என்பது மருத்துவ மேதை அர்ராஸீயின் விளக்கத்தின் சாரம். விளக்கம் நிலைக்கவில்லை. எனினும், ஆயிரமாண்டுகளுக்கு முன் அதற்குக் காரணம் தேடிய அறிவையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1974-இல் டோஹர்ட்டி, ஜிங்கர்நாகல் இருவரும் எலிகளை ஆய்ந்து, டி செல்கள் வைரஸைத் தனித்து அறிவதில்லை, உடற்செல்லின் அடையாளப் புரதத்தோடு சேர்த்தே அறிகின்றன எனக் கண்டனர். அப்புரதம் ஏந்திக் காட்டுவது கிருமியின் சிறு துணுக்கே என்பது 1980-களில் தெளிவாயிற்று. அவ்வாறு அறிந்த செல்களுள் சில நினைவுச் செல்களாக எஞ்சுகின்றன. அம்மை குத்திப் பல்லாண்டுகள் கடந்தோரின் குருதியிலும் அவை காணப்பட்டுள்ளன.