சர்க்யூட் படம் இருந்தால் மலிவுக் கருவி போதும்

மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சாலையிலிருந்து கொல்லம் சாலை பிரியும் ஊர் திருமங்கலம். வால்வு ரேடியோ காலம் தொடங்கி, சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் டிவிகளின் காலம் வரை, இதுபோன்ற ஊர்களின் மெக்கானிக்குகள் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், சீரீஸ் லேம்ப் ஆகியவற்றைக் கொண்டே தொழில் நடத்தினார்கள். ஆசிலோஸ்கோப் பெரும்பாலோருக்கு எட்டாத பொருள். கைராசிக்காரர் என்று ஊர் அவர்களைப் புகழ்ந்தது. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். மறுபாதி சர்க்யூட் படம். எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று படத்திலேயே அச்சாகியிருக்கும். அளந்ததையும் அச்சானதையும் ஒப்பிட்டால் பழுது சிக்கிவிடும். மலிவான கருவி போதுமா என்பதை, பழுதான பொருள் தன் உள்ளமைப்பை எவ்வளவு திறந்து காட்டுகிறது என்பதே முடிவு செய்கிறது. லினக்ஸ் ஓடும் சிறு போர்டுகளுக்கு என்ன டீபக் கருவி வாங்கலாம் என்று இன்று தடுமாறுகிறவர்களுக்கும் இதுவே வழிகாட்டி.

ரேடியோவில் எண்ணிவிடக்கூடிய உறுப்புகள்தான். இன்றைய போர்டில் ஒரே சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், மீட்டர் முனையை எங்கே வைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் லினக்ஸ் போர்டு தன் நிலையைத் தானே எழுதிக் காட்டுகிறது. மின்சாரம் வந்ததும் பூட்லோடரும் பின் கெர்னலும் ஒவ்வொரு படியையும் சீரியல் கன்சோலில் வரி வரியாகத் தருகின்றன. கடைசி வரி எதில் நின்றது என்று பார்த்தாலே தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைப் படிக்க அனுப்புவது, பெறுவது, கிரவுண்ட் என மூன்று கம்பிகள் போதும். 2013-இல் 45 டாலருக்கு வந்த பீகிள்போன் பிளாக் போர்டில் இதற்கென்றே ஆறு பின்கள் வைத்தார்கள், சர்க்யூட் படத்தையும் வெளியிட்டார்கள். யூஎஸ்பி சீரியல் கேபிளுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். வோல்ட்டேஜில் மட்டும் அலட்சியம் கூடாது: பழைய கம்ப்யூட்டர்களின் ஆர்எஸ்-232 போர்ட்டை 3.3 வோல்ட் போர்டில் நேரே இணைத்தால் சிப் எரிந்துவிடக்கூடும்.

போர்டு ஒரு வரிகூடத் தராமல் கிடந்தால்? இந்த மறுப்பு இன்னும் வலுவானது. ரேம் தயாராகும் முன்பே நின்றுவிட்ட போர்டுக்கு ஜேடேக் வேண்டும். சால்டர் இணைப்புகளைச் சோதிக்க உருவான இந்த முறை 1990-இல் ஐஇஇஇ 1149.1 என்ற பொதுத் தரமானது. பிறகு பிராசசரை நிறுத்தி உள்ளே பார்க்கவும் அதே முனைகள் பயன்பட்டன. தரம் பொதுவானது, ஆனால் அதைப் பயன்படுத்தும் நல்ல கருவிகளும் மென்பொருளும் நெடுநாள் விலை உயர்ந்தே இருந்தன. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005-இல் தம் டிப்ளமோ ஆய்வாக எழுதிய ஓப்பன்ஓசிடி மென்பொருள் அந்த நிலையை மாற்றியது. அதன்பின் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யூஎஸ்பி சிப் பொருத்திய சாதாரண அட்டையே ஜேடேக் கருவியாக வேலை செய்தது. திறந்த அமைப்புக்கு மலிவுக் கருவி போதும் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று இருக்கிறது. சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையில் உருவாகி 2018-இல் லினக்ஸை ஓட்டிய சக்தி பிராசசரின் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் வெளியானது. ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ போர்டில் அதை ஏற்றினால், போர்டில் உள்ள யூஎஸ்பி வழியாகவே கன்சோலும் ஜேடேக்கும் கிடைக்கின்றன. தனிக் கருவியே வேண்டாம். மாறாக, தயாரிப்பாளர் ஜேடேக்கைப் பூட்டி அனுப்பிய ஒரு செட்டாப் பாக்ஸை, சாவி இல்லாமல், லட்ச ரூபாய்க் கருவியும் எளிதில் திறக்காது. புதிய போர்டை வடிவமைப்பவர்களுக்கு உயர்ந்த கருவிகள் தேவை என்பதை மறுக்கவில்லை. டிடிஆர் ரேமின் வேகத்தை 24 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும் மலிவான லாஜிக் அனலைசர் ஒருபோதும் பிடிக்காது. ஐ2சி போன்ற மெதுவான இணைப்புகளுக்கு அது தாராளம்.

மலிவு என்றால் போலிதானே என்ற அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. 2014-இல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி முடக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதில் சிக்கியவர்கள் பலர், வாங்கியது போலி என்றே அறியாதவர்கள். அதற்காக விலை உயர்ந்த பிராண்டுக்கு ஓடத் தேவையில்லை: தன் பெயரிலேயே விற்கும் சிபி2102, சிஎச்340 போன்ற சிப் கொண்ட எளிய கேபிள் கன்சோலுக்குப் போதும்.

மதுரையிலும் திருமங்கலத்திலும் போர்டு வாங்கப்போகும் மாணவர்களும் கல்லூரி ஆய்வகங்களும், கருவியின் விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் போர்டின் சர்க்யூட் படமும் கன்சோல் பின்களின் விவரமும் வெளியாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் போர்டை வாங்காதீர்கள். இருந்தால் 3.3 வோல்ட் சீரியல் கேபிளை முதலில் வாங்குங்கள். லாஜிக் அனலைசர் அடுத்து, ஜேடேக் கடைசியில்.