துருசும் முருங்கையும்

வன்னியில் நீரிழிவைச் ‘சீனி வருத்தம்’ என்பார்கள். இனிப்பான பெயர், ஆனால் அது கெடுப்பது கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும். ஏன் குறிப்பாக இவை? குருதியில் குளுக்கோசு ஏறினால் பெரும்பாலான கலங்கள் உள்ளே விடும் அளவைக் குறைத்துக்கொள்ளும். விழித்திரையின் நுண்குழாய்க் கலங்களுக்கும், சிறுநீரக வடிகட்டியிலும் நரம்பிலும் உள்ள கலங்களுக்கும் அது கைவராது. குளத்து மதகான துருசுக்குக் கதவில்லாத வயலின் நிலைதான்.

உள்ளே எரிபொருள் மிகுந்தால் இழைமணிகள் சுப்பரொட்சைட்டு என்னும் மூலிகத்தை அளவு மீறி உண்டாக்கும். கலங்கள் சிதைவது அங்கிருந்தே தொடங்குகிறது என்பதை மைக்கேல் பிரவுன்லீ 2004ஆம் ஆண்டின் பான்டிங் பேருரையில் ஒரே கோவையாக விளக்கினார்.

இந்த மூலிகங்களை அடக்கும் ஒட்சியேற்ற எதிரிகள் நம் வளவிலேயே உண்டு. முருங்கையிலையில் குவெர்செட்டின், நாவற்பழத் தோலில் அந்தோசயனின், மஞ்சளில் குர்க்குமின். கொளுத்தும் வெயிலிலிருந்து தன்னைக் காக்க இலை சேர்த்து வைப்பதில் நமக்கும் பங்கு கிடைக்கிறது. இவை மூலிகத்தை நேரே அணைப்பதோடு, கலத்தின் சொந்தக் காவல் நொதியங்களையும் தூண்டிவிடுகின்றன.

ஆய்வுகூடக் கலங்களில் இது அழகாகத் தெரியும். உடம்போ சோதனைக்குழாய் அல்ல. குர்க்குமின் குடலைத் தாண்டுவதே சொற்பம். 2000இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நான்கரை ஆண்டளவில் பங்குகொண்டனர்; மூன்றிலொரு பங்கினருக்கு மேல் நீரிழிவுக்காரர். ஒட்சியேற்ற எதிரியான விற்றமின் ஈ மாத்திரை அவர்களின் இதயத்தைக் காக்கவில்லை.

இலங்கையிலேயே நடந்த ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. கொத்தலா ஹிம்புட்டு என்னும் கொடியின் தேநீரை 51 நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்து, போலித் தேநீரோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 2005இல் வெளியானது; நீண்டகாலச் சீனி அளவான எச்பிஏ1சி இறங்கியிருந்தது. அந்தக் கொடியில் மங்கிஃபெரின் என்ற ஒட்சியேற்ற எதிரியும் உண்டு. ஆனால், 1997இல் ஜப்பானியர் அதில் கண்டறிந்த சலாசினோல், மாப்பொருள் குடலில் உடைவதையே தடுப்பது. நெருப்பை அணைப்பதற்கு முன் விறகைக் குறைக்கும் வேலை அது. என் கணிப்பில் ஒழுங்கும் அதுதான்: முதலில் துருசு, பிறகு முருங்கை.

ஆகவே முருங்கையிலை வறையைச் சோற்றுக்கு மேலதிகமாக வைக்காமல், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். குறிஞ்சா இலையோ கொத்தலா ஹிம்புட்டோ எடுப்பவர்கள் கிளினிக்கில் அதை மறைக்க வேண்டாம்; மாத்திரையோடு சேர்ந்தால் சீனி மட்டுமீறித் தாழக்கூடும்.