உப்புக் காற்றும் பேஸ் கிட்டாரின் பிரிட்ஜும்

மின்சார பேஸ் கிட்டாரில் கம்பிகள் உடலோடு சேரும் இடத்தில் திருகிப் பொருத்திய உலோகத் தகடுதான் பிரிட்ஜ். வீணையின் குதிரை செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. கம்பி அதிரும் நீளத்துக்கு எல்லை வகுத்து, அதிர்வை மரத்துக்குக் கடத்துகிறது. கம்பியின் உயரத்தையும் நீளத்தையும் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகுகளும் இதில்தான் இருக்கின்றன. பழைய பேஸ் வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற நினைக்கும் உறுப்பும் பெரும்பாலும் இதுவே. மற்ற ஊர்களில் அந்த மாற்றம் நாதத்துக்காக நடக்கிறது. மரக்காணம் உப்பளங்கள் முதல் கோட்டக்குப்பம் வரையிலான கடலோரத்தில் அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவில் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் நான்கு கம்பிகளுக்கு, கம்பி பிரிட்ஜில் அமரும் துண்டுகளான சேடில்கள் இரண்டே இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளைத் தாங்கியது. தடித்த கம்பிக்கு வேண்டிய நீளத் திருத்தம் மெல்லிய கம்பிக்குப் பொருந்தாது. ஒன்றைச் சரிசெய்தால், பக்கத்துக் கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும். 1957-இல் வாத்தியத்தை மாற்றி வடிவமைத்தபோது ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சேடில் வந்தது. 1960-இல் வெளிவந்த ஜாஸ் பேஸும் அதையே பின்பற்றியது. வளைத்த எஃகுத் தகடு, ஐந்து திருகுகள், நான்கு சேடில்கள்: இன்றும் பெரும்பாலான பேஸ்களில் இருப்பது இந்த எளிய அமைப்புதான்.

ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட வயலின் வடிவ பேஸ் வேறு வழியில் போனது. பால் மெக்கார்ட்னியின் கையில் உலகம் பார்த்தது அதைத்தான். அதன் பிரிட்ஜ் மரத்தாலானது. கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இடம்பெயர்ந்துவிடும்.

1970-களில் 'லியோ குவான் பேடாஸ்' என்ற கனமான பிரிட்ஜ் சந்தைக்கு வந்தது. மெல்லிய தகட்டின் இடத்தில் கனத்த வார்ப்பை வைத்தால் நாதம் நீடிக்கும் என்பது அதன் வாதம். பழைய கம்பியின் இடத்தில் புதுக் கம்பி மாட்டினால் எல்லாக் காதுகளுக்கும் வித்தியாசம் கேட்கும்; கனமான பிரிட்ஜ் தரும் வித்தியாசத்தில் தேர்ந்த காதுகளே உடன்படுவதில்லை. ஆனாலும் அந்த வாதம் ஒரு தலைமுறையின் பழக்கத்தையே மாற்றியது. ஏராளமான ஃபெண்டர்களின் அசல் தகடுகள் கழற்றப்பட்டுத் தொலைந்தன. பிற்காலத்தில் பழைய பேஸுக்கு விலை ஏறியபோது தொலைந்த அந்தத் தகடு பெரிய இழப்பாயிற்று.

தமிழ்நாட்டில் பேஸ் கிட்டாருக்குப் பெரும் வாழ்வு தந்தது திரையிசை. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பேஸைத் தாளத்துக்குத் துணையாக மட்டும் வைக்காமல், பாட்டின் அடியில் ஓடும் இன்னொரு மெட்டாகவே எழுதினார். அவர் குழுவில் சசிதரனும், பின்னாளில் ஏ.ஆர். ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸைத் தமிழ்க் காதுகள் பெயர் தெரியாமலே மனப்பாடம் செய்திருக்கின்றன. ஆனால் வாத்தியம் கிடைப்பது எளிதாக இல்லை. சென்னையில் 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் இருந்தும், இறக்குமதி உரிமக் கெடுபிடி நெடுங்காலம் கடுமையாக இருந்தது. அதனால் கையிலிருந்த பேஸைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தது.

மரக்காணம் கடலோரத்துக்கு நரம்பிசை புதிதல்ல. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, சிறிய யாழோடு செல்லும் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்புகிறது. வழியில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் பகுதியோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். உப்பு வணிகம் செய்த உமணரும் அந்தப் பாட்டில் வருகிறார்கள். உப்பும் யாழும் ஒரே வழியில் சென்ற நிலம் இது. யாழில் துருப்பிடிக்க எஃகு இல்லை, பேஸில் இருக்கிறது.

கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே கோட்டக்குப்பத்தில் சன்னல் கம்பியும் கதவுக் கொண்டியும் படும் பாட்டைத்தான் பிரிட்ஜும் படுகிறது. பழைய தகட்டின் மேலுள்ள நிக்கல் அல்லது குரோம் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே உப்பும் ஈரமும் எஃகை எட்டினால், பூச்சுக்கு அடியில் துரு பரவி, மேற்பூச்சைப் பொருக்காகத் தூக்கும். துத்தநாக வார்ப்பில் வெண்பொடி பூக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். முதலில் மாட்டிக்கொள்வது சேடிலின் உயரத் திருகுகள். கையின் வியர்வையும் சேர்ந்து அவற்றின் அறுகோணக் குழி அடைத்துக்கொள்ளும். அமெரிக்கத் திருகுகள் பல அங்குல அளவிலானவை. அவற்றில் 1.5 மில்லிமீட்டர் ஆலன் சாவியை வைத்துத் திருகினால் குழி தேய்ந்து வழுக்கிவிடும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் தகட்டுக்கு அடியில் நடக்கிறது. கம்பிகளை எர்த்துடன் இணைக்கும் ஒயர் அங்கே தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் அழுந்தியிருக்கிறது. தொடும் இடம் துருவேறினால் இணைப்பு விட்டு, ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் எழும். பிக்கப்பைப் பழித்து அதை மாற்றுவதற்கு முன், ஐந்து திருகுகளைக் கழற்றி அந்த ஒயரைச் சுரண்டிப் பார்ப்பதே சரி.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய ஐந்து துளைகளிலேயே உட்காரும் பிரிட்ஜைத்தான் தேடவேண்டும். ஜப்பானின் கோட்டோ அத்தகையவற்றைச் செய்கிறது. புதுத் துளை போட்ட உடலை முன்போல ஆக்கமுடியாது. இந்தக் கரையில் துருவேறா எஃகுச் சேடில்களும் திருகுகளும் பித்தளையைவிட நல்ல தேர்வு. கழற்றிய அசல் தகட்டைத் துரு துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, திருகுகளோடு காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்து வைக்கவேண்டும். அந்தப் பை பேஸின் பெட்டியிலேயே இருந்தால், வாத்தியம் கைமாறும்போது அதுவும் சேர்ந்தே போகும்.