ஈரமும் ஈரலும்

1974 அக்டோபரில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டத்திலும் பருவம் தப்பி மழை பெய்தது. அதுவரை வறட்சி. அறுவடைக்கு நின்ற மக்காச்சோளம் நனைந்தது. அதை ஒழுங்காகக் காயப்போட வசதி இல்லாத பழங்குடி மக்கள் ஈரத்தோடு சேர்த்துவைத்து அதையே சாப்பிட்டார்கள். வேறு தானியம் இல்லை. சில வாரங்களில் ஊர் ஊராக மஞ்சள் காமாலை. வயிறு நீர்கோத்து வீங்கியது. 200க்கும் மேற்பட்ட கிராமங்களில் 397 பேர் நோயில் விழுந்தார்கள், 106 பேர் செத்துப்போனார்கள்.

காமாலை என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது தொற்றுதான். ஆனால் அந்த வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் வந்திருந்தது. நாயும் மனிதனும் பங்குபோட்டது சோற்றுப் பானையை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் ரமேஷ் பட்டும் சகாக்களும் அந்தச் சோளத்தைச் சோதித்தார்கள். கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்ஸின் இருந்தது. இன்று நம் நாட்டில் தானியத்துக்கு அனுமதிக்கப்படும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆயிரம் மடங்கு வரை. 1975 மே மாதம் 'லான்செட்' இதழில் அவர்கள் கட்டுரை வெளியானது.

இந்த நஞ்சுக்கு அப்போது பெயர் வைத்துப் பத்துப் பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். தடம் பிடித்துப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் ஆஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம். அதன் பெயரைச் சுருக்கித்தான் அஃப்ளடாக்ஸின் ஆனது.

இதில் விசித்திரம் என்னவென்றால், பூசணம் செய்து தருவது முழு நஞ்சு இல்லை. மீதி வேலையை முடிப்பது நம் ஈரல். உள்ளே வந்த அந்நியப் பொருளை வெளியே தள்ள, ஈரலின் பி450 நொதிகள் அதில் ஒரு ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அப்போது பிறப்பதுதான் எபாக்சைடு. இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், மூன்றும் நெருக்கிப் பிடித்த முக்கோணம். அந்த நெருக்கடியில் அது நிலைத்திருக்க முடியாது. பக்கத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏ கிடைத்தால் அதையும். 1991இல் சீனாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஈரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தபோது, பி53 என்ற காவல் மரபணுவின் 249ஆவது இடத்திலேயே திரும்பத் திரும்பச் சேதம் தெரிந்தது.

எபாக்சைடு ஹைட்ரோலேஸ் இங்கேதான் வருகிறது. சிவகாசிப் பக்கத்துக்காரனாகச் சொன்னால், எபாக்சைடு பற்றவைத்த திரி. இந்த நொதி அதில் தண்ணீர் ஊற்றுகிறது. நிஜமாகவே ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து முக்கோணத்தை உடைத்துவிடும். 1995இல் கானாவிலும் சீனாவிலும் நடந்த ஆய்வு ஒன்று, இந்த நொதிக்கான மரபணுவின் ஒரு வகை ஈரல் புற்றுநோயாளிகளிடம் அதிகம் தென்படுவதாகச் சொன்னது. அவரவர் மரபணுதான் அவரவர் தலையெழுத்து என்று கதையை முடித்துவிடலாம் போலிருந்தது.

முடியவில்லை. இந்த எபாக்சைடு தண்ணீரில் தானாகவே சுமார் ஒரு நொடியில் பாதி உடைந்துவிடும் என்று வேதியியலாளர்கள் அளந்து சொன்னார்கள். அப்படியானால் நொதிக்கு மிச்சமிருக்கும் வேலை எவ்வளவு? அதோடு, கரிப்புகையில் இருக்கும் பென்சோபைரீன் விஷயத்தில் இதே நொதி தண்ணீர் ஊற்றிய பிறகு, பி450 மறுபடி ஒரு ஆக்சிஜனைச் சேர்த்து முன்னதைவிட மோசமான எபாக்சைடை உண்டாக்குகிறது. 1999இல் இந்த நொதியே இல்லாத எலிகளை உருவாக்கி, அந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த டிஎம்பிஏவைக் கொடுத்தார்கள். அவை புற்றுநோயை நன்றாகவே தாக்குப்பிடித்தன. ஒரு இடத்தில் காவல்காரன், இன்னொரு இடத்தில் திருடனுக்கு ஏணி பிடிப்பவன். எந்த நஞ்சு, எவ்வளவு என்பதைக் கேட்காமல் இதை நல்ல நொதி, கெட்ட நொதி என்று பிரிக்க முடியாது.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். கரிசல் பூமி. பட்டாசும் உண்டு, மானாவாரிக் காடும் உண்டு. பட்டாசு வேலை பார்க்கிறவர்களுக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் காயவைக்கும் மேடைக்கு அங்கே அவ்வளவு கட்டுப்பாடு. அதே சாலைகளின் ஓரத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயவைக்கிறார்கள். களம் இல்லை என்பதுதான் காரணம். திடீரென்று மழை வந்தால் தார்ப்பாய் போடுவதற்குள் பாதி நனைந்துவிடும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூசணம் வளராது. இறங்காத சோளம் குறைந்த விலைக்குப் போகும், அல்லது வீட்டுக்கே திரும்பும்.

பான்ஸ்வாடாவுக்கு முப்பது வருடம் கழித்து, 2004இல் கென்யாவில் அதே சோளம், அதே ஈரம்: 317 பேருக்கு நோய், 125 பேர் சாவு. 1974க்கும் 2004க்கும் நடுவில் நொதியின் மரபணுவையே படித்துவிட்டோம். இரண்டு இடத்திலும் செத்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு காய்ந்த களமும், கெட்ட சோளத்தைத் தூக்கி எறிந்தால் அன்றைக்குச் சாப்பிட வேறு தானியமும்.