துளையும் சாறும்

பட்டறையில் உலோகத் துளையைச் செம்மையாக்கும் கருவிக்கும், அடுக்களையில் எலுமிச்சஞ்சாறு பிழியும் கருவிக்கும் ஆங்கிலேயர் 'ரீமர்' என்ற ஒரே பெயரை வழங்கினர். இதற்குத் தக்க காரணம் உண்டு. இரண்டும் உடலெங்கும் வரிவரியான விளிம்புகளை உடையவை. கையால் திருக, உள்ளிருந்து வெளிநோக்கி அகழ்பவை.

துறப்பணம் இட்ட துளை சொரசொரப்பானது. அளவும் சிறிது பிசகக்கூடும். ஆதலால் வேண்டிய அளவிற் சற்றுக் குறைவாகவே துளையிடுவர். பின்னர் ரீமரைச் செலுத்தி மெல்லிய சீவலளவு உலோகத்தையே நீக்குவர். அதனைப் பின்னோக்கித் திருப்பினால் கூர்விளிம்பு பழுதுறும்.

அடுக்களைக் கருவியோ துருக்கியின் கூத்தாயா நகர மட்பாண்டங்களிடையே 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காணப்படுகின்றது. அந்நூற்றாண்டில் எலுமிச்சஞ்சாறு உயிர்காக்கும் பொருளாக அறியப்படலாயிற்று. நெடுங்கடல் செல்லும் மாலுமிகளை ஸ்கேவி என்னும் நோய் வாட்டியது. முரசு வீங்கிக் குருதி கசிய, பலர் மாண்டனர். 1747இல் 'சோல்ஸ்பரி' என்ற கப்பலில் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், 12 நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். நாடோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர்.

எனினும், நெடுநாள் கெடாதிருக்கும்பொருட்டுச் சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துக் குப்பிகளில் அடைக்குமாறு லிண்டே பரிந்துரைத்தார். நோயைத் தீர்த்த பொருளை வெப்பம் பெரிதும் அழித்துவிடும் என்பதை அக்காலத்தார் அறியார். அப்பொருள் விற்றமின் சீ என 1932இல் இனங்காணப்பட்டது. பிரித்தானியக் கடற்படை 1795இல் மாலுமிகளுக்கு எலுமிச்சஞ்சாறு வழங்க முற்பட்டபோது, லிண்ட் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

சுண்டவைத்த குப்பி தர இயலாததை, அருந்தும் வேளையிலேயே பிழியும் சிறு கருவி தரவல்லது. ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் தோமஸ் வைற் என்பவர் 1896இல் எலுமிச்சை பிழியும் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கலிபோர்னியாவில் தோடம்பழம் மிகுதியாக விளைந்தது. உண்பதற்கு ஒரு பழம் போதும். ஒரு குவளைச் சாற்றுக்கோ இரண்டு மூன்று வேண்டும். இக்கணக்கை உணர்ந்த விளைவிப்போர் கூட்டமைப்பு, 1916இல் தோடம்பழத்தை அருந்துமாறு விளம்பரஞ் செய்தது; கண்ணாடிப் பிழிகருவியையும் மலிவாக விற்றது. காலையுணவோடு சாறு அருந்தும் வழக்கம் இவ்வாறே பரவலாயிற்று.

இரு கருவிகளும் கோருவது நிதானமான கையையே. பட்டறையில் அளவு மீறி அகழ்ந்தால் துளை பயனற்றுப் போகும். அடுக்களையில் அளவு மீறி அழுத்தினால் தோலின் உள்ளிருக்கும் வெண்சதை நைந்து சாறு கைத்துவிடும்.