சுருட்டி வைத்த தரை

வீட்டில் ஒரு அறையை அலுவலக அறையாக மாற்றலாம் என்று உள் அலங்கார வடிவமைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். மாதிரிப் புத்தகத்தை விரித்து, சதுரம் சதுரமாக வெட்டிய கம்பளத் துண்டுகளைக் காட்டினார். "இது பழைய மீன்வலையில இருந்து செஞ்சது சார். முழுக்க சஸ்டைனபிள்."

"தேஞ்சு போன அப்புறம் இதை என்ன பண்றது?"

"பத்து வருஷம் தாராளமா வரும் சார்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

வடலூரில் என் ஆயாவிடம் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்கும். கோரைப்பாயின் ஓரம் பிரிந்தால் பழைய புடவையைக் கிழித்துக் கரை தைப்பார். நடுவில் பிய்ந்தால் அது நெல் காயவைக்கிற பாய். அதற்கும் ஆகாதென்றால் மாட்டுக் கொட்டகை. கடைசியில் எருக்குழி. ஒரு பாய்க்கு நாலு பிறவி. "பாயைச் சுருட்டுடா, விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு" என்று தினமும் திட்டு விழும். பாயைச் சுருட்டினால்தான் அந்த இடம் கூடமாகும். தட்டு வைத்தால் சாப்பாட்டு அறை, ராத்திரி விரித்தால் படுக்கையறை. சின்ன வீட்டுக்குள் மூன்று வீடுகள் இருந்தது அப்படித்தான்.

தமிழ்நாட்டில் தரைவிரிப்பின் வரலாறு என்று எழுதப்போனால் அதற்கு இரண்டு முக்கியமான கிளைகள்: கோரை, பருத்தி. கோரை ஆற்றங்கரையிலும் ஈர நிலத்திலும் வளர்வது. பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, நீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து நெய்வார்கள். வடக்கே வந்தவாசி, தெற்கே பத்தமடை இரண்டும் பாய்க்குப் பெயர் போன ஊர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை மயிரிழை போலக் கீறி, மெல்லிய பருத்தி நூலைப் பாவாக வைத்து பத்தமடை லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பட்டுப்பாயை, துணியைப் போல மடித்துவிடலாம். எந்தப் பாயானாலும் உள்ளே இருப்பது இரண்டே பொருள்: குறுக்கே கோரை, நெடுக்கே நூல். பசை கிடையாது.

பருத்திக் கிளையின் தலைநகரம் பவானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணி சந்தையை நிறைத்தபோது, அதோடு போட்டி போட முடியாத ஜங்கமர் சமூக நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். ஆலைக்காரன் கை வைக்காத இடத்தைத் தேடிப் போய்ப் பிடித்த தொழில் அது. அகலமான ஜமக்காளத்துக்குத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவைக் கைமாற்றிக் கைமாற்றி நெய்வார்கள். கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், பஞ்சாயத்து, சாவு வீடு என்று தமிழர்கள் கூட்டமாக உட்கார்ந்த இடத்தில் எல்லாம் அந்தக் கோடுகள் இருந்தன.

இந்த இரண்டையும் ஓரங்கட்டியது எது? விசைத்தறியும் பிளாஸ்டிக்கும் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. அது செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்குப் பிறகும் வெளியூர் விசைத்தறி விரிப்பு அதே கோடுகளோடு, குறைந்த விலையில், 'ஜமக்காளம்' என்ற அதே பெயரில் கடைக்கு வருகிறது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் மாற்றம் ஒன்று பாய்க்குள்ளேயே நடந்தது. விசைத்தறியில் நெய்யும் கோரைப்பாயைத் திருப்பிப் பாருங்கள். நெடுக்கே ஓடுவது பெரும்பாலும் பருத்தி இல்லை, செயற்கை இழை. அறுந்துபோகாது, வேகமான தறிக்கு ஒத்துவரும், விலையும் குறைவு. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் இப்போது அந்தப் பாயை எருக்குழியில் போட்டால் கோரை மக்கி, இழை மட்டும் சிக்கலாக மண்ணில் கிடக்கும். எரித்தால் பிளாஸ்டிக் புகை. ஒரே ஒரு பொருளை மாற்றினோம், பாய் தன் நாலாவது பிறவியை இழந்துவிட்டது.

இது மேற்கிலும் நடந்த கதைதான். 1860-களில் ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் லினோலியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், பிசின், அடியில் சணல் துணி: கிட்டத்தட்ட எல்லாமே விளைந்த பொருள். ஒரு நூற்றாண்டு ஓடியது. பிறகு பி.வி.சி. வந்து அதைப் பழைய சரக்காக்கியது. இன்றைக்கு அதே லினோலியம் 'பசுமைத் தரை' என்று திரும்ப விற்கிறது.

கம்பளத்தில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர் ரே ஆண்டர்சன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1973-இல் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். சதுரத் துண்டுக் கம்பளம்தான் அவர் தொழில். மேஜைக்கு அடியில் தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். 1994-இல், சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்க, அவரிடம் பதில் இல்லை. பால் ஹாக்கனின் புத்தகம் ஒன்றைப் படித்தார். பூமியைக் கொள்ளையடிப்பவன் என்று தன்னையே பொதுமேடைகளில் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். 2011-இல் அவர் இறந்தபின், 2012-இல் லண்டன் விலங்கியல் கழகத்தோடு சேர்ந்து, பிலிப்பைன்ஸ் கடற்கரை கிராமங்களில் கைவிடப்பட்ட நைலான் வலைகளை வாங்கி நூலாக்கும் திட்டத்தை அந்த நிறுவனம் ஆரம்பித்தது. எங்கள் வடிவமைப்பாளர் சொன்ன மீன்வலையின் வேர் அங்கே இருக்கிறது.

நைலான் ஆறு என்ற வகையை வேதியியல் முறையில் உடைத்து அதன் மூலக்கூறுக்கே கொண்டுபோகலாம், மறுபடி புது நூலாக்கலாம். சிக்கல் நூலில் இல்லை. நூலையும் அடிப்பகுதியையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் ஒட்டில் இருக்கிறது. பிரிக்க முடிந்தால் அது பொருள், பிரிக்க முடியாவிட்டால் குப்பை. மென்பொருளில் இதை நாங்கள் தினமும் படுகிறோம். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நிரலில் ஒரு வரியைக் கழற்றினால் மொத்தமும் சரியும். மீள்சுழற்சி ஆலை பிறகு வரும் விஷயம். எதை எதோடு ஒட்டினோம் என்பதுதான் முதல் கேள்வி. பழைய பாய் அதற்குச் சரியான பதிலை வைத்திருந்தது, அப்படி ஒரு கேள்வி எழாத காலத்திலேயே.

வடலூருக்குப் பக்கத்திலேயே இதன் இன்னொரு முகமும் இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956-இல் பிறந்தது. பழுப்பு நிலக்கரியை எரித்தால் சாம்பல். அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல், ஓடு செய்பவர்கள் அந்தச் சாம்பலைக் கலக்க வேண்டும் என்று 1999-இல் மத்திய அரசு அறிவித்தது. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், தானாகவே கொஞ்சம் இறுகும். சாம்பல் கல்லில் வாசல் தளம் போடுவது கழிவைப் பயன்படுத்துவது, நல்லதுதான். ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. ஒரு கல்லைப் 'பசுமை' என்று சொல்லும்போது, கணக்கைக் கல்லிலிருந்து தொடங்குவதா, வயலிலிருந்து தொடங்குவதா?

எங்கள் ஊரின் மிகப் பெரிய தரை பெருவெளி. வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கவும் 1872-இல் ஞானசபை வழிபாடு தொடங்கவும் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள் என்பது ஊரே அறிந்த கதை. அதன் பெரும்பகுதி வருஷம் முழுக்க வெறும் மண். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது அந்த மண்ணில்தான் லட்சக்கணக்கானவர்கள் உட்காருகிறார்கள். 2024-இல் அங்கே சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு 'காலி இடத்தில கட்டினா என்ன?' என்று தோன்றியிருக்கும். பாயைச் சுருட்டி வைத்த கூடத்தையும் இடத்தை வீணடித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்தான்.

அலுவலக அறைக்கு நான் கம்பளம் வாங்கவில்லை. பருத்தி நூல் பாவு வைத்த கோரைப்பாய் வேண்டுமென்று மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர், "நூல் எதுவா இருந்தா உங்களுக்கு என்ன சார், படுக்கத்தானே போறீங்க?" என்றார்.

"தூக்கிப் போடறதுக்குங்க" என்றேன். என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.